லண்டன் நிறுவனத்தின் ரிமோட் அனலிஸ்ட் வேலை: முதல்கட்டத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

தறிச்சத்தம் (கரூர்):

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில், நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் எம்ஐஎஸ் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம். சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்). பெட்ஷீட், டேபிள் லினன், கிச்சன் டவல் என்று வெளிநாட்டு பையர்களுக்குப் போகிற சரக்கு எங்களுடையது. எந்த ஆர்டர் தறியில் இருக்கிறது, எது டையிங்கில் நிற்கிறது, எது தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது, எதில் எவ்வளவு ரிஜெக்‌ஷன் என்று தினமும் எக்செல்லில் அறிக்கை போடுவதுதான் வேலை. பிவட் டேபிள், சம்இஃப்ஸ், விலுக்கப், பவர் க்வெரி எல்லாம் பழக்கம்.

தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுக்க எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லை இரவில் உட்கார்ந்து நானாகவே படித்தேன். ஜாயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (பிரிவு வாரியாகக் கணக்கிடுவது) வரை தடுமாறாமல் எழுதுவேன். வரிகளைச் சுருக்காமலே வரிசை எண், ஓடும் கூட்டுத்தொகை போன்றவற்றைக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன்களைப் பார்த்தால் புரிகிறது, சொந்தமாக எழுத நேரம் பிடிக்கிறது. பைத்தான் என்ற நிரல் மொழியை இன்னும் தொடவில்லை.

அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்வர வேண்டியிருப்பதால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையாகத் தேடிக்கொண்டிருந்தேன். லண்டனில் உள்ள ஓர் இணைய விற்பனை நிறுவனத்துக்கு விண்ணப்பித்ததில் முதல்கட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். முதலில் 60 நிமிட ஆன்லைன் தேர்வு, எஸ்க்யூஎல்லும் எக்செல்லும், கேமரா போட்டபடி எழுத வேண்டும். அப்புறம் கேள்வி திரையில் வரும், நாம் பேசிப் பதிவு செய்ய வேண்டிய வீடியோ சுற்று. அதைத் தாண்டினால் வீட்டில் செய்து அனுப்பும் ஒரு அசைன்மென்ட், கடைசியில் பேனல், அதாவது சிலர் சேர்ந்து நடத்தும் நேர்காணல். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கிறது.

இந்த இரண்டு வாரத்தில் எதைப் படிப்பது, எதை விடுவது? விளம்பரத்தில் பைத்தான் ‘இருந்தால் நல்லது’ என்று போட்டிருக்கிறது, அதைத் தொடலாமா? என்னிடம் இணையத்தில் காட்டுவதற்கு என்று எந்த வேலையும் இல்லை. ஆபீஸில் நான் செய்த அறிக்கைகளில் ஒன்றிரண்டைக் காட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஈரோட்டான்:

வாழ்த்துகள் சகோதரி. பாடப் பகுதிக்குப் பொருநை அக்கா வந்து சொல்வார். வேலைக்கு வருகிறவர்களின் அசைன்மென்ட்டைத் திருத்துகிற இடத்தில் இருப்பவர் அவர். நான் வேறு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் அழைப்பு உண்மையானதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை என்ற பெயரில் நடக்கும் மோசடியில் எங்கள் தெருவிலேயே பணத்தை இழந்தவர்கள் உண்டு. மெயில் நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருந்து வந்திருக்கிறதா, ஓர் எழுத்து மாற்றிய போலியா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிரிட்டன் நிறுவனம் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். எந்த வருடம் பதிவானது, இயக்குநர்கள் யார், கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று எல்லாம் தெரியும். ஆனால் பெயர் அங்கே இருப்பதாலேயே மெயில் அவர்கள் அனுப்பியதாகிவிடாது. நல்ல நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். அதனால் நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய், வேலைவாய்ப்புப் பக்கத்தில் இந்தப் பணியிடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். தேர்வு எழுத எனிடெஸ்க் (நம் கணினியை வேறொருவர் தூரத்திலிருந்து இயக்க விடும் செயலி) போடச் சொன்னாலும், எங்கிருந்தோ ஒரு ஃபைலை இறக்கி ஓட்டச் சொன்னாலும் அப்படித்தான். வேலை உறுதியாகும் முன் ஆதார் நகல் தர வேண்டிய அவசியமே இல்லை. கேமராவில் அடையாள அட்டை காட்டச் சொன்னால் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ போதுமா என்று கேளுங்கள். ஆதார்தான் வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். இது உங்களுக்கு மட்டும் இல்லை, படிக்கிற எல்லோருக்கும்.

இரண்டாவது கரண்ட். மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம் எந்தத் தேதி என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். தேர்வு நாள் அதில் விழுந்தால் இப்போதே மெயில் போட்டு மாற்றிக் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் போடுவது நல்லது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். தேர்வில் அது பெரிய நேரம். மொபைல் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் ஒரு தடவை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டு தேடும் வேலை இருக்காது. ஆனால் கேமரா வைத்து நடத்தும் தேர்வில் பெரும்பாலும் மேசையில் போன் இருக்கக் கூடாது, இரண்டாவது மானிட்டரும் கூடாது. விதியை வரி வரியாகப் படியுங்கள். ஹாட்ஸ்பாட் போனை எங்கே வைப்பது என்பதையும் அவர்களிடமே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.


பொருநை:

தறிச்சத்தம், உன் பதிவைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நீ வா போ என்று எழுதுகிறேன், தங்கை மாதிரி நினைத்துத்தான்.

பைத்தான் இப்போது வேண்டாம். இரண்டு வாரத்தில் அரைகுறையாகக் கற்றதை ரெஸ்யூமேயில் போட்டால் பேனலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். இருக்கிற எஸ்க்யூஎல்லைக் கெட்டிப்படுத்து.

இந்த மாதிரித் தேர்வுகளில் கஷ்டமான கேள்வியில் விழுகிறவர்கள் குறைவு. சுலபமான கேள்விக்குத் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு, அது தப்பு என்று தெரியாமலே அடுத்ததற்குப் போகிறவர்கள்தான் அதிகம். க்வெரி (எஸ்க்யூஎல்லில் எழுதும் கட்டளை) பிழை காட்டாமல் ஓடிவிடும். எண்ணும் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற அனலிஸ்ட் அனுப்பும் எண்ணைப் பக்கத்தில் நின்று பார்க்க யாரும் இல்லை. அதனால் எங்களுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: இந்தப் பெண் கொடுக்கிற எண்ணை நம்பி அப்படியே மேலிடத்துக்கு அனுப்பலாமா? நீ தயாராக வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

பயிற்சிக்குச் சின்னச் சின்ன மாதிரி டேபிள்களை விட்டுவிட்டு ஓர் உண்மையான தரவை எடு. நீ போவது இணைய விற்பனை நிறுவனம் என்பதால் பயிற்சித் தரவுகள் கிடைக்கும் கேகிள் தளத்தில் இருக்கும் ஒலிஸ்ட் தரவு உனக்குப் பொருத்தம். பிரேசில் நாட்டு இணைய வணிகத் தரவு, 2016 முதல் 2018 வரை சுமார் 1 லட்சம் ஆர்டர்கள். ஆர்டர், ஆர்டருக்குள் இருக்கும் பொருள், பணம் கட்டிய விவரம், விமர்சனம், வாடிக்கையாளர் என்று தனித்தனி ஃபைலாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும், அதில் க்வெரி எழுத உதவும் டிபீவரும் இலவசம். இரண்டையும் போட்டு ஃபைல்களை உள்ளே ஏற்று. ஏற்றியதும் ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரி என்று எண்ணி ஒரு தாளில் குறித்து வை. இந்தத் தாள் கடைசி வரை உன் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் கேள்வியாக இதை எடுத்துக்கொள்: திரும்பி வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? கஸ்டமர் ஐடியை வைத்து எண்ணினால் ஒருவர்கூட இரண்டாவது முறை வாங்கவில்லை என்று வரும். அந்தத் தரவில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு புது கஸ்டமர் ஐடி கொடுத்திருக்கிறார்கள். ஆளைக் குறிப்பது கஸ்டமர் யூனிக் ஐடி என்ற இன்னொரு பத்தி. ‘பூஜ்யம்’ என்று விடை வந்ததும் நிறுத்தி, ஒரு கடைக்குத் திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருப்பாரா என்று யோசிக்கிறவள்தான் அனலிஸ்ட். உனக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். ஒரு பையருக்கு ரிஜெக்‌ஷன் பூஜ்யம் என்று வந்தால் நீ நம்புவாயா? டேட்டா என்ட்ரி போட்டவரைப் போய்க் கேட்க மாட்டாயா?

அடுத்தது இரட்டிப்பு. ஒருவர் ஓர் ஆர்டரில் இரண்டு பொருள் வாங்கி, பாதியை வவுச்சரிலும் மீதியை கார்டிலும் கட்டுகிறார். பொருள் டேபிளில் இரண்டு வரி, பணம் டேபிளில் இரண்டு வரி. இரண்டையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் நான்கு வரி. இப்போது பணத்தைக் கூட்டினால் உண்மையில் வந்ததைப் போல இரு மடங்கு காட்டும். தேர்வு வைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த பொறி இது. பணத்தை முதலில் ஆர்டர் வாரியாகக் கூட்டி ஒரு வரியாக்கிவிட்டு, அப்புறம் ஜாயின் செய். ஒவ்வொரு ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரி எண்ணிக்கையைப் பார். கூடினாலோ குறைந்தாலோ ஏன் என்று உனக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்வது) எழுதிவிட்டு, வலப்பக்க டேபிளின் பத்தியை வேர் (WHERE) பகுதியில் ஒரு மதிப்போடு ஒப்பிட்டு வடிகட்டினால் அது இன்னர் ஜாயின் (இரண்டிலும் பொருந்தும் வரிகள் மட்டும்) ஆகிவிடும். ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களும் பட்டியலில் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள், அவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். அந்த நிபந்தனையை ஆன் (ON) பகுதிக்குள் கொண்டு போ. ஒரு பட்டியலில் இல்லாதவற்றை எடுக்க நாட் இன் (NOT IN) போடும்போது உள்ளே உள்ள பட்டியலில் ஒரே ஒரு வெற்று மதிப்பு இருந்தாலும் விடையாக ஒரு வரிகூட வராது, நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதப் பழகு. ஜனவரி மாத விற்பனைக்கு பிட்வீன் ஜனவரி 1 அண்ட் ஜனவரி 31 என்று எழுதினால், பத்தியில் நேரமும் சேர்ந்திருக்கும்போது 31-ஆம் தேதி பிறக்கிற நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு அன்று நடந்த விற்பனை எதுவும் வராது. ஜனவரி 1 முதல், பிப்ரவரி 1-க்குக் குறைவு என்று எழுது. சதவீதம் கேட்டால் ஒன்று கவனி: போஸ்ட்கிரெஸில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2, மைஎஸ்க்யூஎல்லில் 2.5. தேர்வில் எந்தத் தரவுத்தளம் என்று ஓரத்தில் போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பார்.

விண்டோ ஃபங்ஷனில் இருப்பதையெல்லாம் படிக்க வேண்டாம். ஒவ்வொருவரின் முதல் ஆர்டரை எடுப்பது, போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவது, ஓடும் கூட்டுத்தொகை, ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று. இந்த நான்கையும் பார்க்காமல் கை எழுதுகிற வரை எழுது. முதல் மூன்று என்று கேட்டால் சமமாக வருகிறவர்களை என்ன செய்வது என்பது கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும். முதலிடத்தில் இருவர் சமம் என்றால் ரோ நம்பர் 1, 2, 3 என்று போகும். ரேங்க் 1, 1, 3. டென்ஸ் ரேங்க் 1, 1, 2. எதை ஏன் எடுத்தாய் என்று க்வெரிக்கு மேலே ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடு. கணினி அதற்கு மதிப்பெண் தராது. அப்புறம் மனிதர் ஒருவர் உன் விடையைத் திறந்து பார்த்தால் அவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

எக்செல் உனக்குப் புதிதில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். விலுக்கப்பில் நான்காவது உள்ளீட்டை எழுதாமலே விட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எக்ஸ்லுக்கப் தானாகவே சரியான பொருத்தம் தேடும், அதையும் பழகு. 15 இலக்கத்துக்கு மேல் உள்ள ஆர்டர் எண்ணை எண்ணாகத் திறந்தால் 16-ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும், எழுத்தாக ஏற்று. அமெரிக்கத் தேதியும் பிரிட்டன் தேதியும் கலந்த ஃபைல் கண்டிப்பாக வரும். 12-க்கு மேல் உள்ள நாள்கள் மட்டும் எழுத்தாக நிற்கிறதா என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

வரியை எண்ணு, வரியை எண்ணு என்று நான் இத்தனை தடவை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான் பிடிக்கும். அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலையும் அதனால் தாமதமானது. உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை என்று யாராவது தினமும் பொருத்திப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். லண்டன்காரர்களுக்கு இந்தச் சம்பவம் நன்றாகத் தெரியும். இதை ஒப்பிக்கச் சொல்லவில்லை, வேலையின் கனம் எங்கே இருக்கிறது என்று நீ உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் கடைசிக் கேள்விக்கு: ஆபீஸ் அறிக்கையைக் காட்டவே காட்டாதே. பையர் பெயரை அழித்துவிட்டேன், விலையை மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டும் காட்டாதே. உன் முதலாளியின் விலையை எங்களிடம் கொண்டு வருகிறவள் எங்கள் விலையை நாளைக்கு வேறு எங்கோ கொண்டு போவாள் என்றுதான் திருத்துகிற யாருக்கும் தோன்றும். அதற்குப் பதில் ஒலிஸ்ட் தரவில் நீ செய்யும் பயிற்சியையே காட்டத் தகுந்த வேலையாக மாற்று. வாக்களித்த தேதிக்கும் வந்து சேர்ந்த தேதிக்கும் உள்ள இடைவெளியும் அதில் இருக்கிறது, விமர்சன மதிப்பெண்ணும் இருக்கிறது. சரக்கு தாமதமானால் மதிப்பெண் எப்படி மாறுகிறது, எந்த மாநிலத்துக்குப் போகிற சரக்கு அதிகம் தாமதமாகிறது. ஷிப்மென்ட் தாமதத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற உன்னைவிட இதைப் பற்றி எழுத ஆள் கிடையாது.


தறிச்சத்தம் (கரூர்):

பொருநை அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ஒலிஸ்ட் ஃபைல்களை இறக்கிவிட்டேன், வரி எண்ணிக்கைத் தாளும் போட்டாயிற்று. ஈரோட்டான் அண்ணா, கம்பெனீஸ் ஹவுஸில் பார்த்தேன், நிறுவனம் இருக்கிறது. அவர்கள் தளத்திலும் இந்தப் பணியிடம் இருக்கிறது.

இன்னும் மூன்று சந்தேகம். வீடியோ சுற்றை நினைத்தால்தான் பயம். நான் ஆங்கிலத்தில் மெயில் நன்றாக எழுதுவேன், பேசும்போது வார்த்தை தேடுவேன். அசைன்மென்ட்டில் சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா? மெயிலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தேர்வு நேரம் காலை 10 மணி பிஎஸ்டி என்று போட்டிருக்கிறார்கள், நம் நேரத்துக்கு எத்தனை மணி?


காவிரிக்கரை:

திருச்சியில் ஆள் தேர்வு செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். இந்தப் பதிவு வீடியோக்களைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி, அதனால் வீடியோவுக்கு மட்டும் சொல்கிறேன்.

வார்த்தை தேடுவதால் யாரையும் தள்ளுவதில்லை. எழுதி வைத்துப் படிக்கிறவர்களைத்தான் உடனே தெரிந்துவிடுகிறது. கண் இடமிருந்து வலமாக ஓடும், குரல் ஒரே சீராகப் போகும், கேட்ட கேள்வி ஒன்று, சொல்வது இன்னொன்றாக இருக்கும். முழு வாக்கியங்களாக எழுதாதீர்கள். ஒரு சின்ன அட்டையில் நான்கைந்து சொல் போதும்.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், தரவில் தவறு கண்டுபிடித்த ஒரு சம்பவம், கணினி தெரியாத ஒருவருக்கு ஒரு விஷயத்தை விளக்கிய சம்பவம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் அவசரம் என்று கேட்டபோது என்ன செய்தீர்கள், ஏன் ரிமோட் வேலை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஆபீஸில் நிஜமாக நடந்த ஒன்றை எடுங்கள். என்ன நிலைமை என்று இரண்டு வாக்கியம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான்கைந்து வாக்கியம், முடிவில் என்ன மாறியது என்று ஒரு வாக்கியம். பலரும் நிலைமையைச் சொல்வதிலேயே நேரத்தை முடித்துவிடுகிறார்கள். மெர்ச்சண்டைசர் என்றால் என்ன, டையிங் என்றால் என்ன என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள், அரை வாக்கியத்தில் விளக்கிவிட்டுப் போங்கள்.

போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். வேகத்தைக் குறைத்தாலே ஆங்கிலம் பாதி சரியாகிவிடும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். ஏன் ரிமோட் என்ற கேள்விக்கு அப்பாவின் சிகிச்சையைச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்தில் தெளிவாக வேலை செய்வேன், கேட்காமலே நிலவரம் அனுப்புவேன், பிரிட்டன் நேரத்தோடு இத்தனை மணி நேரம் ஒத்துப்போவேன் என்று வேலையின் பக்கமிருந்து பேசுங்கள். வேலை நேரம் உறுதியாகும் கட்டத்தில், எந்தெந்த நாளில் எந்த நேரம் இருக்க முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.


பொருநை:

காவிரிக்கரை சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு.

ஏஐ விஷயத்தில் மெயிலில் ஒன்றும் இல்லை என்றால் நீயாக முடிவு செய்யாதே. ‘பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் குறிப்பிட வேண்டுமா’ என்று இரண்டு வரியில் கேட்டு மெயில் போடு. கேட்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அனுமதி கொடுத்தால் எங்கே பயன்படுத்தினாய் என்று அசைன்மென்ட்டின் அடியில் எழுது. அனுமதி இல்லை என்றால் தொடாதே. பேனலில் உன் க்வெரியைத் திரையில் போட்டு, ‘இதை வார வாரியாக மாற்றுங்கள்’, ‘ரத்தான ஆர்டர்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும்’ என்று கேட்பார்கள். நீயே எழுதியது என்றால் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுவாய்.

அசைன்மென்ட்டைத் திருத்துகிறபோது நான் முதலில் படிப்பது மேலே இருக்கும் பத்தியைத்தான். கேட்ட கேள்விக்கு விடை என்ன, எவ்வளவு நம்பலாம், அடுத்து என்ன செய்யச் சொல்கிறாய். இது முதல் ஐந்தாறு வரிக்குள் இருக்க வேண்டும். படம் இரண்டோ மூன்றோ போதும். தரவில் நீ பார்த்த ஓட்டைகளையும், அவற்றை எப்படி எடுத்துக்கொண்டாய் என்பதையும் தனியாக எழுது. டெலிவரி தேதி இல்லாத ஆர்டர்களை விட்டுவிட்டாயா, சேர்த்தாயா? விட்டிருந்தால் எத்தனை? இதை எழுதாமல் அழகழகாக டாஷ்போர்டு போட்டு அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த எண்ணை நான் மறுபடி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கும் என்றால் அவரை எடுத்து எனக்கு என்ன பயன்?

அவர்கள் மூன்று மணி நேரம் என்று சொன்னால் அதற்குள் முடி. நேரம் இருந்திருந்தால் இன்னும் என்ன பார்த்திருப்பேன் என்று கடைசியில் எழுதிவிடு. ஒரு வாரம் இழுக்கிற அளவு வேலையை, அதுவும் அவர்களுடைய நிஜமான வியாபாரத் தரவைக் கொடுத்துச் சம்பளமில்லாமல் செய்யச் சொன்னால் யோசி. அது தேர்வு இல்லை, இலவச வேலை. குறைத்துக் கேட்க உனக்கு உரிமை உண்டு.

பேனலுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மொத்த சராசரி ஒரு பக்கம் போகும், உள்ளே பிரித்துப் பார்த்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும். இதைக் கேட்காத பேனல் குறைவு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 சேர்க்கை இதற்குப் பேர்போன உதாரணம். விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம். துறை வாரியாகப் பார்த்தால் பெண்களுக்கு எதிரான அந்தப் பெரிய வித்தியாசம் காணோம். இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். நீ இதை உன் வேலையிலிருந்தே சொல்லலாம். ஒவ்வொரு பையரின் ரிஜெக்‌ஷன் சதவீதமும் குறைந்திருக்கும், ஆனால் கண்டிப்பான பையரின் ஆர்டர் பங்கு கூடியதால் மொத்த சதவீதம் ஏறியிருக்கும். எம்.டி. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு உற்பத்திப் பிரிவைத் திட்டுவார். இப்படி ஒன்றை உன் வாயால், பெயரும் விலையும் இல்லாமல் சொன்னால் பேனல் காது கொடுத்துக் கேட்கும். பாடப்புத்தக உதாரணத்தை எல்லோரும் சொல்வார்கள், தறியிலிருந்து சொல்ல நீ ஒருத்திதான் வருவாய்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று படிவத்தில் கேட்டால் இப்போது வாங்குவதிலிருந்து கணக்குப் போடாதே. ஊழியராக எடுக்கிறார்களா, கான்ட்ராக்ட்டா என்று முதலில் கேள். கான்ட்ராக்ட் என்றால் பிஎஃப், சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவக் காப்பீடு எதுவும் அவர்கள் பக்கத்திலிருந்து வராது என்று வைத்துக்கொண்டு தொகையைச் சொல். அப்பாவின் சிகிச்சை இருக்கும்போது காப்பீடு உனக்குச் சின்ன விஷயம் இல்லை.


ஈரோட்டான்:

நேரக் கணக்கு பாக்கி. பிஎஸ்டி என்றால் பிரிட்டனின் கோடைக்கால நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம். மற்ற மாதங்களில் ஐந்தரை. ஆக, காலை 10 மணி பிஎஸ்டி நமக்கு மதியம் 2:30. கோடையிலும் பழக்கத்தில் ஜிஎம்டி என்று எழுதுகிறவர்கள் அங்கே உண்டு, அப்படிப் பார்த்தால் 3:30 ஆகிவிடும். அதனால் பதில் மெயிலில் ‘இந்திய நேரம் மதியம் 2:30, சரிதானே’ என்று எழுதி உறுதி வாங்கிவிடுங்கள். அமெரிக்க நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் கவனிக்க: அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டன் தேதியோடு ஒத்துப்போகாது.

மதியம் 2:30 என்றால் அப்பாவுக்கு அன்று டயாலிசிஸ் நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டிப் போக ஆள் வேண்டும் என்றால் எழுதுங்கள், என் மைத்துனர் கரூரில்தான் கார் ஓட்டுகிறார்.